மஞ்சள் தாளில் எழுதிய வழி

அந்தக் கடற்கரை விடுதியில் ரூட்டுக்காரர் என்றால் சமையலறைப் பூனைக்குக்கூடத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருந்தது. யாரும் அதை வாயில் எடுத்ததில்லை. வரவேற்பறையில் தூணை ஒட்டினாற்போல ஒரு சின்ன மேசை, அதன்மேல் 'பயண உதவி' என்று ஒரு பலகை. பத்தொன்பது வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வதுதான் அவருடைய வேலை.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வழி சொன்னால் அது தனி அழகு. "இறங்குறீங்க, ரோட்டைத் தாண்டுறீங்க, அங்கேயே பஸ் நிக்கும், ஏறி உக்காருறீங்க" என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது, கேட்கிறவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போலவே இருக்கும். கார் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் எதற்கு? முதுகுப்பைக்காரர்கள், சிக்கனக்காரர்கள், பஸ்ஸில் போய்ப் பார்க்கலாமே என்று ஆசைப்படும் புது ஜோடிகள் ஆகியோர்தான் அவருடைய கூட்டம். அவர்களுக்கென்றே மஞ்சள் தாள் ஒன்று அச்சடித்து வைத்திருந்தார். தலைப்பு: 'தலைநகருக்குப் பஸ்ஸில் போவது எப்படி?' உள்ளே ஏழு படிகள். விடுதி வாசலில் பஸ் ஏறுவது முதல் படி. தலைநகரில் பெரிய தபால் நிலையத்து வாசலில் இறங்குவது ஏழாவது.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த மனுஷன் அந்தப் பஸ்ஸில் ஒரு நாளும் ஏறியதில்லை.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. விடுதியின் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாம் வெளுப்பதற்குத் தலைநகருக்குத்தான் போகும். தினமும் காலை ஏழரைக்கு ஒரு சலவை வண்டி. தலைநகரில் ஏதாவது வேலை இருந்தால் ரூட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். மூட்டைகளின் மேல் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பஸ் கண்டக்டரை டீக்கடையில் மடக்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் அந்த ஏழு படி. அதற்குப் பிறகு வருஷா வருஷம் தாளைப் புதிதாக அச்சடித்தார். எழுத்தைப் பெரிதாக்கினார், ஓரத்தில் ஒரு பஸ் படம் சேர்த்தார். வழி மட்டும் அதே வழி. தப்பு என்று ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? பெட்டியோடு தலைநகருக்குப் போகிறவர்கள், அங்கிருந்து விமானம் ஏறி அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். "யோவ், என்னய்யா எழுதி வச்சிருக்கே" என்று கேட்பதற்காக யார் திரும்பி வரப் போகிறார்கள்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அன்று காலை பதினொரு மணிக்கு அவர் தலைநகரத்துக் குடும்ப நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். தாமதமானால் ஒரு சாபம்போல எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் ரூட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, அழாத அழுகை இல்லை. கடைசியில் மனைவிதான் ஒரு நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "போதுங்க. எங்கேயோ ஒரு புள்ள நமக்காக உக்காந்திருக்கு. போய்க் கூட்டிட்டு வருவோம்" என்றாள். தலைநகரத்துக் குழந்தைகள் இல்லத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பார்த்தார்கள். விண்ணப்பம், விசாரணை, வீட்டைப் பார்த்துப் போவது என்று இரண்டு வருஷம் ஓடியது. கடைசி உத்தரவுக்கு நாள் குறித்தார்கள். நீதிபதி விடுப்பில் போனார். மறுபடி குறித்தார்கள், ஏதோ ஒரு தாளில் முத்திரை விட்டுப்போயிருந்தது. இரண்டு தடவையும் அந்தச் சிறுமி தன் துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் அவளே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாளாம். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா அதைச் சொன்னபோது மனைவி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

இது மூன்றாவது தடவை. வக்கீலம்மா முந்தின நாள் போனில் அடித்துச் சொல்லியிருந்தாள்: "ரெண்டு பேரும் நீதிபதி முன்னாடி நின்னு கையெழுத்துப் போடணும். ஒருத்தர் இல்லேன்னாலும் தள்ளி வச்சிடுவாங்க. இந்த நீதிபதியம்மா நாளையோட மாற்றலாகிப் போறாங்க. புதுசா வர்றவங்க மறுபடி விசாரணை, மறுபடி வீடு பார்க்கிறதுன்னு ஆரம்பிச்சா ஒரு வருஷம் கூட ஆகலாம். சொல்லிட்டேன்."

மனைவி புதன்கிழமையே தலைநகருக்குப் போய் அவள் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள், காலையில் இல்லத்துக்குப் போய்ச் சிறுமியைக் கூட்டி வர வேண்டுமே. ரூட்டுக்காரரும் கூடப் போயிருக்கலாம். அன்றைக்கென்று நாற்பது பேர் கொண்ட சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்க, மேனேஜர் விடவில்லை. "காலையில சலவை வண்டியில போனா ஒன்பதரைக்கு அங்க இருப்பீங்க, அப்புறம் என்ன?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

வியாழன் காலை ஏழரை மணி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பின்வாசலில் நின்றார் ரூட்டுக்காரர். சலவை வண்டி நின்றது, டிரைவரும் நின்றார், ஆனால் டிரைவரின் கை முழங்கைவரை கறுப்பாக இருந்தது.

"அண்ணே, கியரே விழ மாட்டேங்குது. மெக்கானிக் வந்துதான் பார்க்கணும்."

"எப்ப வருவான்?"

"பத்து மணிக்கு வரேன்னான். அவன் பத்துன்னா பன்னெண்டு."

ரூட்டுக்காரர் மேனேஜரிடம் ஓடினார். விடுதிக் கார் இரண்டும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. வெளி டாக்சிக்குப் போன் செய்தால், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மேனேஜர் அவர் தோளில் தட்டி, "எதுக்கு இப்படிப் பதறுறீங்க? ஊருக்கே வழி சொல்றவர் நீங்க. உங்க மஞ்சப் பேப்பரைப் பார்த்துப் பஸ்ல போக வேண்டியதுதானே?" என்று சிரித்தார்.

கிண்டலுக்குச் சொன்ன வார்த்தை இவருக்குத் தெய்வ வாக்காகப் பட்டது. அட, ஆமாம்! தாளின்படி மொத்தப் பயணம் இரண்டரை மணி நேரம். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் பத்தரைக்குத் தபால் நிலையம், அங்கிருந்து நீதிமன்றம் பத்து நிமிஷ நடை. மனைவிக்குப் போன் செய்தார். "வண்டி மக்கர் பண்ணிடுச்சு. ஒண்ணும் பயப்படாத, பஸ்ல வரேன். எனக்குத் தெரியாத பஸ்ஸா?"

"பார்த்து வாங்க," என்றாள் அவள். குரலில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. கட்டினவளுக்குத் தெரியாதா.

பஸ் எட்டு ஐந்துக்கு வந்தது. ஏறினால், முன்கதவு வழியாக அவருக்கு முந்தி ஏறிய ஒரு புது ஜோடி மூன்றாவது வரிசையில். ஒரு வாரமாக விடுதியில் தங்கியிருந்தவர்கள். புது மாப்பிள்ளை மடியில் பெட்டி, கையில் மஞ்சள் தாள். இவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோனது. "சார், நீங்களே வர்றீங்களா! ஏ, இனிமே கவலையில்ல, எழுதினவரே கூட வர்றாரு" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ரூட்டுக்காரரும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

கண்டக்டர் வந்தான், சின்ன வயது. "எங்க?"

"மூணு டிக்கெட், பழைய பாலம்," என்றார் ரூட்டுக்காரர், ஜோடிக்கும் சேர்த்து. தாளின்படி அங்கேதான் பஸ் மாற வேண்டும்.

"தலைநகருக்குப் போறீங்களா? அப்ப பைபாஸ் முக்குல இறங்..."

"தம்பி, எனக்கு வழி தெரியும்ப்பா. நீ பாலத்துக்குக் குடு."

கண்டக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கென்ன, பெரிய மனுஷன் தெரியும் என்கிறார். இந்த இடத்தில் அவன் சொன்னதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பத்தொன்பது வருஷம் வழி சொல்லியே பழகிய காது, எங்கே கேட்கும்?

வழியெல்லாம் ரூட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொடுவார், மறுபடி கடிகாரம். மனசு என்னவோ அந்தச் சிறுமியிடமே போய் நின்றது. ஆறு தடவை இல்லத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மனைவியிடம் அவள் இரண்டாவது தடவையே ஒட்டிக்கொண்டாள். மடியில் படுத்து, வளையலை உருட்டி, பல் விழுந்த கதையெல்லாம் சொன்னாள். இவரிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம், "அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள். குழந்தைகளிடம் என்ன பேசுவது என்று இவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றையே பேசினார். இல்லத்து வாசலிலிருந்து கடற்கரைக்கு எப்படி வருவது, எங்கே திரும்புவது, எத்தனை பாலம் என்று விலாவாரியாகச் சொன்னார். அவள் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று வீடு திரும்பும்போது மனைவி, "புள்ளைகிட்ட யாராச்சும் பஸ் ரூட்டு பேசுவாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரூட்டுக்காரர் பேச்சை மாற்றினார், ஆனால் உள்ளே வலித்தது. இன்றைக்கும் லேட்டாகப் போய் நின்றால் அந்தச் சிறுமியின் மனசில் நம்மைப் பற்றி என்ன இருக்கும் என்று நினைத்தாலே வியர்த்தது.

ஒன்பதேகாலுக்குப் பழைய பாலம் வந்தது. மூன்று பேரும் இறங்கினார்கள். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. புது மாப்பிள்ளை தாளைப் பார்த்து உரக்க வாசித்தான்: "நாலாவது படி. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிற்கவும். பதினாலாம் நம்பர் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று வரும்." தாண்டினார்கள். நின்றார்கள்.

பத்து நிமிஷம் போனது. இருபது போனது. ஒரு லாரி, இரண்டு சைக்கிள், தண்ணீர் வண்டி. பஸ் என்று சொல்லிக்கொள்ள ஒரு பூச்சிகூட வரவில்லை. பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தில் நம்பர் பலகை இருந்த இடத்தில் நாலு துருப்பிடித்த ஆணிகள் மட்டும் இருந்தன. ரூட்டுக்காரர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட், தொப்பி, கால்வலித் தைலம் எல்லாம் வரிசையாகத் தொங்கின. நாலு நாற்காலிகூடப் போட்டிருந்தது. கடைக்காரி முகம் நிறையச் சிரிப்போடு எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சப் பேப்பரா? வாங்க வாங்க, உக்காருங்க. தண்ணி வேணுமா?"

ரூட்டுக்காரர் கம்பத்தைக் காட்டினார். "இங்க... பதினாலாம் நம்பர்?"

"அது ஆறு வருஷம் முன்னாடியே பைபாஸ் ரோட்டுக்கு மாறிடுச்சுங்களே! இந்தப் பக்கம் ஒண்ணும் வராது. வாரத்துக்கு நாலு பேரு, அஞ்சு பேரு இந்த மஞ்சப் பேப்பரோட வந்து இறங்குவாங்க. பாவம், பெட்டியும் கையுமா நிப்பாங்க. நான்தான் தண்ணி குடுத்து, வழி சொல்லி அனுப்புறேன். அவங்களை வச்சுத்தான் இந்தக் கடையே. எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுக்கிறானோ, மகராசன் நல்லா இருக்கட்டும்!"

அடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாழ்த்து விழுந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆறு வருஷம், வாரத்துக்கு நாலு பேர். எத்தனை பேர் இந்த வெயிலில் நின்றிருப்பார்கள், எத்தனை பேர் விமானத்தைத் தவறவிட்டிருப்பார்கள்? ஒருத்தருக்கும் திரும்பி வந்து அவர் சட்டையைப் பிடிக்க வழியில்லாமல் போய்விட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள். சுடுவதற்கு ஒரு நாளைப் பார்த்து எடுத்ததே, அதுதான் கொடுமை.

புது மாப்பிள்ளை தாளையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "சார், நீங்க கடைசியா எப்ப இந்த வழியில போனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வருஷம் என்றால் முடிந்தது. ஆனால் கடிகாரம் ஒன்பது நாற்பது என்றது. பொய் சொல்லக்கூட நேரம் இல்லாத நேரம் அது. "போனதே இல்ல, தம்பி. ஒரு தடவைகூட இல்ல. கேட்டு எழுதினேன்."

"என்னது!"

"மன்னிச்சுக்கோங்க. என்னைத் திட்டுறதா இருந்தா நடந்துக்கிட்டே திட்டுங்க. எனக்குப் பதினொரு மணிக்குக் கோர்ட்டு. குழந்தையைத் தத்தெடுக்கிறோம். நான் போகலேன்னா குழந்தையைக் குடுக்க மாட்டாங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தாறு வயது மனுஷன், பெட்டிக்கடை வாசலில், இஸ்திரிச் சட்டையோடு.

புது மாப்பிள்ளைக்கு முகம் சிவந்திருந்தது, ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "அட வாயை மூடிட்டுப் பெட்டியைத் தூக்குங்க. அக்கா, பைபாஸ் எந்தப் பக்கம்?"

"பாலத்துக்குக் கீழ இறங்கி, வாய்க்கால் ஓரமா நேரா போங்க. இருபது நிமிஷம். ஓடினா பதினஞ்சு."

ஓடினார்கள். புது மாப்பிள்ளை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டே ஓடினான். "ஏழு படியாம் ஏழு படி, படம் வேற போட்டிருக்காரு" என்று ஆரம்பித்தவன் பாதி தூரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்து, திட்டுவதை விட்டுவிட்டான். வாய்க்கால் கரையில் ரூட்டுக்காரரின் கால் சேற்றில் வழுக்கி முழங்கால்வரை இறங்கியது. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். அவர் கால் மட்டும் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது.

பதினாலாம் நம்பர் பத்து இருபத்தைந்துக்குக் கிடைத்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனார். பதினொன்றுக்கு நகர எல்லைகூட வரவில்லை. பதினொன்று இருபதுக்கு உள்ளே நுழைந்த பஸ், அடுத்த சந்திப்பில் மாட்டிக்கொண்டு நின்றே விட்டது. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் கார். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், ஒருத்தரும் நகரவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பேரைக் கூப்பிட்டுட்டாங்க! வக்கீலம்மா கெஞ்சிக் கேட்டு, லிஸ்ட்டுல கடைசிக்குத் தள்ளி வச்சிருக்காங்க. பன்னெண்டரைக்கு நீதிபதியம்மா எழுந்திரிச்சிடுவாங்களாம். எங்க இருக்கீங்க?"

ரூட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். ஒரு செருப்புக்கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி, கட்டி முடிக்காத ஒரு கட்டடம். சலவை வண்டி வருகிற பாதை இல்லை இது. வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க, எங்க இருக்கீங்க?"

"தெரியலம்மா," என்றார்.

பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. பதினாறு வருஷக் கல்யாணத்தில் அவளும் கேட்டதில்லை.

"தெரியலேன்னா பக்கத்துல நிக்கிறவங்களைக் கேளுங்க," என்றாள். குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது. "கேட்டா ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க. கேளுங்க, கேட்டு வந்து சேருங்க. புள்ள வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா."

புது ஜோடி ஒட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "சார், இறங்கி ஓடுங்க, இந்தப் பஸ் இப்போதைக்கு நகராது," என்றாள் அந்தப் பெண். அவள் புருஷன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், "டிரைவரண்ணே, கதவைத் திறங்க! அவசரம், புள்ளைக் கேசு!" என்று கத்தினான். கதவு திறந்தது. ரூட்டுக்காரர் நன்றி சொன்னாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை.

செருப்புக்கடைக்காரரைக் கேட்டார். "குடும்பக் கோர்ட்டா? நேரா போய் வலது பக்கம், அஞ்சே நிமிஷம்," என்றார் அந்த மனுஷன், கையை அழகாக ஆட்டி, அவ்வளவு தெளிவாக. ரூட்டுக்காரர் நேராகப் போய் வலது பக்கம் திரும்பினார். அங்கே ஒரு மாவு மில் இருந்தது. கோர்ட்டு என்று ஒரு போர்டுகூட இல்லை. அடப்பாவி, தெரியாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன! வாயில் வசவு வந்துவிட்டது. பாதியிலேயே விழுங்கிவிட்டார். அந்த மனுஷனைத் திட்டுகிற யோக்கியதை நமக்கு இருக்கிறதா என்று வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒருத்தரோடு நிறுத்தவில்லை. மில்லில் நின்ற பெண்ணைக் கேட்டார், மூட்டை தூக்குகிறவரைக் கேட்டார், போலீஸ்காரரைக் கேட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார். "ஐயா, நீங்க அந்த வழியா போயிருக்கீங்களா?" என்று அதையும் சேர்த்துக் கேட்டார். மூட்டை தூக்குகிறவர், "என்னய்யா இது, வழி கேக்கிறியா, சாட்சி விசாரிக்கிறியா?" என்றார். ஆனாலும் கூடவே இரண்டு தெரு ஓடி வந்து, சாம்பல் நிறக் கட்டடத்தைக் காட்டிவிட்டுத்தான் போனார். அப்போது மணி பன்னிரண்டு இருபது.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நீளமான வராண்டா, ஓரத்தில் மர பெஞ்சு. மனைவி அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கையிலிருந்த பைலால் அவர் மார்பில் ஒரு அடி கொடுத்தாள். "எனக்குத் தெரியாத பஸ்ஸான்னு கேட்டீங்களே!" என்றாள். அடுத்த நொடி அதே பைலை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பெஞ்சில் சிறுமி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், தரையை எட்டாத கால்கள். அவரைத் தலையிலிருந்து சேறு காய்ந்த கால்வரை பார்த்தாள்.

"அழுகையெல்லாம் அப்புறம், உள்ள வாங்க," என்று வக்கீலம்மா மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு போனாள்.

நீதிபதியம்மா கைப்பையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக ரூட்டுக்காரரைப் பார்த்தார். பிதுங்கி வெளியே வந்த சட்டை, ஒரு காலில் சேறு, முகமெல்லாம் வியர்வை.

"குழந்தையை எடுத்துக்கிற நாள்லகூட நேரத்துக்கு வரத் தெரியாதா?"

ரூட்டுக்காரருக்குச் சொல்ல ஏழு படிக் கதை இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "தப்பு என்னோடதும்மா," என்றார்.

நீதிபதியம்மா பைலைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஒரு யுகம்போல நகர்ந்தது. பிறகு சிறுமியின் பக்கம் குனிந்தார். "பாப்பா, இவரைத் தெரியுமா உனக்கு?"

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தெரியாது என்று தலையாட்டிவிட்டால்? பயந்து ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால்?

சிறுமி மனைவியின் விரல்களைப் பிடித்தபடியே நின்றாள். "தெரியும்," என்றாள். "இவருக்காகத்தான் நாங்க காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கோம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதியம்மாவின் உதடும் கொஞ்சம் அசைந்தது. 'தெரியும்' என்ற சொல்லில் ரூட்டுக்காரருக்கு உயிர் வந்தது, 'நாங்க' என்ற சொல்லில் சுருக்கென்றது. அவளும் மனைவியும் சேர்ந்து 'நாங்க'. அதற்கு வெளியே, எதிரில், ஒற்றை ஆளாக அவர். காத்திருக்க வைத்தவனுக்கு வேறென்ன கிடைக்கும், இதுவே பெரிசு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

கையெழுத்து மூன்று இடத்தில். முதல் இடத்தில் அவசரமாகப் போட்டதில் பேர் பாதியிலேயே வளைந்துபோனது. "நிதானமா போடுங்க, இனி அவசரமில்ல," என்றார் நீதிபதியம்மா. மனைவியும் போட்டாள், கடைசியில் நீதிபதியம்மா போட்டார். பணியாளர் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, தாளின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். மேசையே அதிர்ந்தது.

"அவ்வளவுதான். கூட்டிட்டுப் போங்க."

யாரும் அசையவில்லை. மனைவி அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரூட்டுக்காரர் பேனாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்போது அவர் சட்டையின் கீழ்நுனியை யாரோ இழுத்தார்கள். குனிந்து பார்த்தார். மனைவியின் கையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் சட்டையை இழுத்துக்கொண்டு, சிறுமி அண்ணாந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதா? அப்ப நாம போலாமா?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். மனைவிதான், "போலாம்" என்றாள்.